முதல் .22 பிஸ்டல் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

அட்டையில் குறி பார்த்துச் சுடப் பழக நினைப்பவர்கள் சின்னத் தோட்டா போடும் .22 ரிம்ஃபயர் பிஸ்டலில்தான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் எந்த .22 என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. நான் இருப்பது ஒஹையோவில், கொலம்பஸ் பக்கம். குளிர்காலத்தில் இங்கே சின்னச் சின்ன கிளப்புகளில் உள்ளரங்க புல்ஸ்ஐ லீக் நடக்கும், அதாவது ஒரு கையால் அட்டையில் குறி சுடும் போட்டி. நானும் என் கணவரும் சில வருடங்களாக அதில் சுடுகிறோம். இது தெரிந்த நம் ஆட்கள் பொங்கல் விழாவிலோ பிறந்தநாள் விருந்திலோ பார்த்தால், "அக்கா, நானும் ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று கேட்கிறார்கள். கையில் தட்டோடு நின்றபடி பதில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பிஸ்டலுக்கு முன்னால் விசா. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நம்மவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ரேஞ்சில், அதாவது சுடும் கூடத்தில், வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் வரும். வார இறுதியில் ஆபீஸ் நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று போய் நிற்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள்; குடியுரிமை, விசா பற்றிய கேள்விகள் அதில் இருக்கும். பொய் சொன்னால் மத்திய சட்டப்படி குற்றம், குடியேற்ற நிலையே கெட்டுப்போகும். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் போய்க் கையோடு வாங்கி வர முடியாது. உங்கள் மாநிலத்து டீலர் வழியாகத்தான் கைக்கு வரும். ஒஹையோவில் வாங்குவதற்குத் தனி அனுமதி தேவையில்லை. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பாதுகாப்புச் சான்றிதழ், பத்து நாள் காத்திருப்பு எல்லாம் உண்டு. நியூ ஜெர்சி எடிசனில் இருப்பவருக்கும் ஒஹையோ டேட்டனில் இருப்பவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

தற்காலிக விசாவில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிஸ்டல் மத்திய சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி இல்லை. நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் அதையும் துப்பாக்கியாகத்தான் நடத்துகின்றன, அதனால் மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பழகிய கை .22-க்கு வரும்போது அப்படியே கைகொடுக்கும். இந்தியாவில் பெரும்பாலான பிஸ்டல் வீரர்கள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். பாரிஸில் 2024-ல் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கிய மனு பாக்கர் அதே ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டலில் நான்காவது வந்தார். அந்த 25 மீட்டர் போட்டி .22-ல் நடப்பதுதான்.

சரி, ஏன் .22? விலை ஒரு காரணம். சாதாரண .22 தோட்டா ஒன்று பத்து சென்ட் அளவில் கிடைக்கும். 9 எம்எம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம், உதைப்பு இல்லாதது. பெரிய துப்பாக்கியில் தொடங்குகிறவர்கள் சத்தத்துக்கும் உதைப்புக்கும் பயந்து, வெடிப்பதற்கு ஒரு நொடி முன்பே கையை இறுக்கிக் கீழே தள்ளிவிடுவார்கள். அந்தப் பழக்கம் உடம்பில் ஏறிவிட்டால் கழற்றுவது பெரும்பாடு. 1887-ல் வந்த .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் குண்டு வெறும் 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டலில் இருந்து அது வெளியேறும்போது கை லேசாக அசையும், அவ்வளவுதான்.

எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார், கருவிகள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதிதாக வருகிறவர்களுக்கு தோட்டாக்களை அடுக்கும் மேகசினை அவரே நிரப்பித் தருவார். நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு வெற்றுத் தோட்டாக்களைச் செருகிவிடுவார், அதாவது மருந்தே இல்லாத டம்மி. எது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. வெற்றுத் தோட்டா வரும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் பிஸ்டலின் மூக்கு கீழே குனிந்தால் கை முன்கூட்டியே தள்ளுகிறது என்று அர்த்தம். சத்தத்தில் மறைந்துபோவதை அந்த 'டிக்' அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். "அட்டையைப் பார்க்காதே, முன் சைட்டைப் பார், அது எங்கே போச்சு சொல்லு" என்பார். முன் சைட் என்றால் குழாயின் நுனியில் குறி பார்க்க நிற்கும் சின்ன முனை. எந்த பிஸ்டல் வாங்கினாலும் கூடவே ஒரு சிறு பெட்டி வெற்றுத் தோட்டாவும் வாங்குங்கள்.

எதற்காகச் சுடப் போகிறோம் என்பது தெரிந்தால் தேர்வு பாதி சுலபம். புல்ஸ்ஐ போட்டியில் ஒரு கையால்தான் சுட வேண்டும். மெதுச்சுற்றில் பத்து நிமிடத்தில் பத்துக் குண்டு. அடுத்த சுற்றில் 20 நொடிக்கு ஐந்து, இரண்டு தடவை. கடைசி வேகச் சுற்றில் 10 நொடிக்கு ஐந்து, அதுவும் இரண்டு தடவை. வெளியரங்கில் தூரம் 50 கஜமும் 25 கஜமும். உள்ளரங்கில் பெரும்பாலும் 50 அடி, அட்டை அதற்கேற்பச் சிறிதாகிவிடும். ஏரி ஈரிக் கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரியில் 1907-லிருந்து தேசியப் போட்டிகள் நடந்து வருவதால் ஒஹையோக்காரர்களுக்கு இந்த விளையாட்டு மேல் ஒரு தனிப் பிடிப்பு. ஒரு கை என்பதால் எடை, கைப்பிடியின் சாய்வு, டிரிகர் மூன்றும் முக்கியமாகின்றன. டப்பாக்களை வைத்து ஜாலியாகச் சுடப் போகிறவருக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை.

இனி கடைக்குப் போவோம். இந்தத் தேவைக்கு அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை மூன்று குடும்பங்கள்: ரூகர் மார்க் 4, பிரௌனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி. மாடலைப் பொறுத்து விலை 500 டாலரைச் சுற்றி முன்னே பின்னே இருக்கும். 1949-ல் 37.50 டாலருக்கு விற்ற முதல் ரூகர் பிஸ்டலின் வாரிசுதான் மார்க் 4. பக் மார்க் 1985-லிருந்து வருகிறது. விக்டரி 2016-ல் வந்தது. மூன்றிலும் குழாய் அசையாமல் நிற்கும், சைட்டும் குழாயோடு உறுதியாக இருக்கும். குறி சுடுவதற்கு இந்த அமைப்புதான் வேண்டும்.

இந்த மூன்றில் எது துல்லியமானது என்று விடிய விடிய விவாதிப்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் அந்தக் கேள்விக்குப் பெரிய மதிப்பு இல்லை. 25 கஜத்து அட்டையில் பத்து மதிப்பெண் வட்டம் 3.36 அங்குலம். இவற்றில் எதை எடுத்து மணல் மூட்டை மேல் வைத்து நல்ல தோட்டாவோடு சுட்டாலும் எல்லாக் குண்டும் அந்த வட்டத்துக்குள் நிற்கும். அதற்குமேல் சிதறுவது நம் கையால். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். டிரிகரை இழுக்கும்போது முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 கஜத்தில் குண்டு 11 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். பத்து வட்டத்தை விட்டே வெளியே. இடைவெளி 13 சென்டிமீட்டர்தான் உள்ள குட்டி பிஸ்டல் என்றால் அதே ஒரு மில்லிமீட்டருக்கு 17 சென்டிமீட்டருக்கு மேல். அந்த ஒரு மில்லிமீட்டரை வரவழைப்பது கைக்குப் பொருந்தாத பிடியும் மோசமான டிரிகரும்தான். ஆகவே பிடியும் டிரிகரும்தான் பார்த்து வாங்க வேண்டியவை. பிராண்ட் அப்புறம்.

பிடியைக் கடையிலேயே சோதிக்கலாம். கடைக்காரர் போல்டைப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். வாங்கியதும் நீங்களும் ஒருமுறை பாருங்கள். சுவரில் பாதுகாப்பான ஓர் இடத்தை அவரையே காட்டச் சொல்லுங்கள். விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும். அந்த இடத்தைப் பார்த்தபடி நின்று, கண்ணை மூடி, கையை இயல்பாக உயர்த்துங்கள். இப்போது கண்ணைத் திறந்து பாருங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் தானாக வந்து உட்கார்ந்திருந்தால் அந்தப் பிடி உங்களுக்கானது. மேலேயோ கீழேயோ துருத்திக்கொண்டு நின்றால் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை வளைத்துத்தான் சரி செய்ய வேண்டியிருக்கும். 10 நொடிக்கு ஐந்து குண்டு சுடும்போது அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

நாங்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில்தான் இதைச் செய்து பார்த்தோம். ரூகர் மார்க் 4 டார்கெட்டின் பிடி அந்தக் கால லூகர் பிஸ்டல் சாய்வில் இருக்கும். என் கையில் முன் சைட் நன்றாக மேலே ஏறி நின்றது. "என்னங்க, எனக்கு இது மேல பாக்குது" என்றேன். அவர் வாங்கி உயர்த்திப் பார்த்துவிட்டு, "எனக்கு நேரா வந்து நிக்குதே" என்றார். அவர் கை பெரிது, விரல்கள் நீளம். 22/45 என்று அதே ரூகரில் இன்னொரு வகை இருக்கிறது. 1911 என்ற பழைய அமெரிக்க ராணுவ பிஸ்டலைப் பிடிப்பதற்கான சாய்வு அதில். அது எனக்குப் பரவாயில்லை. பக் மார்க்கை எடுத்ததும் சைட் நேராக வந்தது, ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை டிரிகரில் சரியாகப் படிந்தது. கடைசியில் அவர் மார்க் 4 வாங்கினார், நான் பக் மார்க். இருவர் தேர்வும் சரிதான். யாராவது ஒருவர் சொன்ன பெயரை மட்டும் நம்பிப் போயிருந்தால் இருவரில் ஒருவர் கை மணிக்கட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

இங்கே பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கடையில் பெண் என்றதும் சிறிய, லேசான பிஸ்டலை எடுத்து முன்னால் வைக்கிற பழக்கம் இருக்கிறது. பையில் போட்டுக்கொள்ள அது வசதி. குறி சுட அது ஆகாது. லேசான பிஸ்டல் கையின் ஒவ்வொரு நடுக்கத்தையும் அப்படியே காட்டும்; கொஞ்சம் எடை இருந்தால் நடுக்கத்தை அமுக்கும். அதற்காக அளவுக்கு மீறியும் போகக்கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மார்க் 4 டார்கெட் 1.2 கிலோ வரும். அலுமினியச் சட்டம் உள்ளவை ஒரு கிலோ அளவில் இருக்கும். ஒரு கையை முழுதாக நீட்டி அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். தோள் கெஞ்சாமல், முன் சைட் சின்ன வட்டத்துக்குள் சுற்றினால் போதும். அசையாமல் நிற்பது என்பது யாருக்கும் நடக்காது. மெதுச்சுற்றில் ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே கையை இறக்கி ஓய்வு கொடுக்கலாம் என்பதால் தோள்பலத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

டிரிகரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நல்ல டிரிகர் என்றால் முதலில் கொஞ்சம் தளர்வாக வரும், அப்புறம் ஓர் இடத்தில் தடுத்து நிற்கும், அங்கிருந்து அழுத்தத்தை மெதுவாகக் கூட்டக் கூட்ட, நாம் எதிர்பாராத ஒரு கணத்தில் சட்டென்று விடும். நடுவில் சொரசொரவென்று நகரக்கூடாது. விட்ட பிறகு விரல் வெகுதூரம் உள்ளே ஓடக்கூடாது. லேசாக இருப்பதைவிடச் சுத்தமாக விடுவதுதான் முக்கியம். புல்ஸ்ஐயில் .22-க்குக் குறைந்தபட்ச டிரிகர் எடை 2 பவுண்ட், அதாவது 900 கிராம் சொச்சம். போட்டியில் இதைச் சோதிப்பார்கள்: பிஸ்டலின் மூக்கை மேலே பார்த்து நிறுத்தி, டிரிகரில் 2 பவுண்ட் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். சுத்தியல் விழாமல் எடை மேலே வந்தால் சரி. கடையில் இருந்து வரும் பிஸ்டல்கள் இதைவிடக் கனமாகவே இருக்கும். அதை உடனே மாற்ற வேண்டும் என்று துடிக்காதீர்கள். மார்க் 4-க்கும் பக் மார்க்குக்கும் மாற்று டிரிகர் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. முதல் குளிர்காலம் முழுக்க இருப்பதிலேயே பழகுங்கள். எது தடையாக இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தபின் செலவு செய்தால் அந்தப் பணம் வீண் போகாது.

காலி டிரிகரை இழுத்துப் பழகுவது, அதாவது டிரை ஃபயர், குறி சுடுபவர்களுக்கு அன்றாடப் பயிற்சி. ரிம்ஃபயரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. மற்றத் தோட்டாக்களில் நடுவில் இருக்கிற வெடிமருந்துக் குப்பி .22-ல் கிடையாது. அடிப்பாகத்து விளிம்பின் மடிப்புக்குள்ளேயே அந்த மருந்து சுற்றிலும் பூசியிருக்கும். சுத்தி ஊசி விளிம்பை நசுக்கும்போதுதான் வெடிக்கும். தோட்டா இல்லாமல் இழுத்தால் சில பிஸ்டல்களில் ஊசி நேராகப் போய்ச் சேம்பரின் ஓரத்தில் அடித்து வடு உண்டாக்கும். அப்புறம் தோட்டா உள்ளே போகவும் அடம்பிடிக்கும், வெளியே வரவும் அடம்பிடிக்கும். ரூகர் மார்க் வரிசையில் ஊசியைத் தடுக்க ஒரு குறுக்குப் பின் இருப்பதால் கவலை இல்லை. மற்றவற்றில் கையேட்டைப் பாருங்கள். எங்கள் கிளப்பில் எல்லோர் பெட்டியிலும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் சுவர் ஆணி உறைகள் ஒரு பிடி இருக்கும். சரியான அளவு உறை .22 சேம்பரில் கச்சிதமாக உட்காரும். ஊசி அதன் விளிம்பில் அடிக்கும். ஒவ்வொன்றையும் சில தடவை திருப்பித் திருப்பி வைத்துப் பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம். வீட்டில் பழகும்போது தோட்டா வேறு அறையில் இருக்க வேண்டும், பார்ப்பது வெறும் சுவராக இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் எங்கள் வீட்டில் விதிவிலக்கே கிடையாது.

தோட்டாவை வாங்குவதிலும் பிஸ்டல் வாங்குவதைப் போலவே நேரம் செலவிடுங்கள். .22 பிஸ்டல்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ருசி. ஒரே மாடலில் அடுத்தடுத்த எண்ணில் வந்த இரண்டுகூட ஒரே தோட்டாவை விரும்பும் என்று சொல்ல முடியாது. 500 தோட்டா உள்ள பெரிய பெட்டியை முதலிலேயே வாங்கிக் குவிக்காமல், 50 தோட்டா உள்ள சின்னப் பெட்டிகளாக நாலைந்து வகை வாங்குங்கள். சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி அதில் கட்டாயம் ஒன்றாக இருக்கட்டும்; புல்ஸ்ஐக்காரர்களில் பாதிப் பேர் பெட்டியில் அதுதான் இருக்கும். நொடிக்கு 1070 அடி வேகத்தில் போவதால் ஒலியின் வேகத்துக்குக் கீழேயே நிற்கும். மினி-மேக் போன்ற வேகத் தோட்டாக்கள் நொடிக்கு 1235 அடி. கொஞ்சம் இறுக்கமான பிஸ்டலையும் திணறாமல் இயக்கும். ஈலி (Eley), எஸ்கே போன்ற ஐரோப்பியத் தோட்டாக்கள் விலை கூடுதல்.

மணல் மூட்டை மேல் கையை ஊன்றி, 25 கஜத்தில் ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். மூன்று குண்டு, ஐந்து குண்டு வைத்து முடிவு கட்டக்கூடாது, அதிர்ஷ்டத்தில் எதுவும் நடக்கும். வகை மாற்றும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; .22 குண்டின் மேல் பூசிய மெழுகு குழாயில் படிந்து சமநிலைக்கு வரக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். என் பிஸ்டலில் விலை உயர்ந்த தோட்டாவைவிட சாதாரண ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி அழகாகக் குவிந்தது. என் கணவருடையதிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். போட்டியில் ஈலி தோட்டா சுடுகிறவர்களைப் பார்த்து ஈலி வாங்க வேண்டும் என்று இல்லை.

ரிம்ஃபயரில் எப்போதாவது ஒரு தோட்டா வெடிக்காமல் போகும். விளிம்புக்குள் மருந்து ஒரே சீராகப் பரவாததுதான் பெரும்பாலும் காரணம். அப்போது மூக்கை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருங்கள், தாமதமாக வெடிக்கவும் கூடும். அதன்பிறகு எடுத்துப் பார்த்தால் விளிம்பில் ஊசி பட்ட பள்ளம் தெரியும். பள்ளம் ஆழமாக இருந்தால் தோட்டாவில் கோளாறு. மேலோட்டமாக இருந்தால் பிஸ்டலைச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம். மேகசின் நிரப்பும்போதும் அவசரப்படாதீர்கள். பக்கவாட்டுப் பொத்தானை அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களை உள்ளே கொட்டினால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தேவையான அளவு மட்டும் இறக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வரிசையாக வைக்க வேண்டும். சிக்கல் என்று கொண்டுவரப்படும் பல பிஸ்டல்களுக்கு அந்தப் பெரியவர் செய்யும் ஒரே வைத்தியம் மேகசினை ஒழுங்காக நிரப்பிக் கொடுப்பதுதான்.

நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும். திறந்த சைட்டில் சுடும்போது கூர்மையாகத் தெரிய வேண்டியது முன் சைட். அட்டை மங்கலாகத்தான் இருக்கும். கை நீளத்தில் இருப்பது மங்கத் தொடங்கிய வயதில் இது கஷ்டம். புல்ஸ்ஐயில் கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு, லீக்கில் பெரும்பாலோர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் சைட்டைப் பொருத்தும் பட்டை, அதாவது ரெயில், உள்ள பிஸ்டலோ, ரெயில் பொருத்தத் துளைகள் உள்ளதோ பார்த்து வாங்குங்கள். முதல் சில மாதம் திறந்த சைட்டில் பழகுவது நல்லது என்பது என் கருத்து. ரெட் டாட்டில் கை நடுங்குவது பெரிதாகத் தெரியும், புதியவர்கள் அந்தச் சிவப்புப் புள்ளி நடுவில் வரும் நொடியைப் பிடிக்கப் போய் டிரிகரைப் பிடுங்கிவிடுவார்கள்.

பழைய பிஸ்டல் வாங்குவதும் நல்ல வழிதான். 1957-லிருந்து வரும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41 புதிதாக வாங்கினால் 1500 டாலரைத் தாண்டும். அதன் டிரிகரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது. ஆனாலும் முதல் பிஸ்டலாக அதை நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தின் பாதியைத் தோட்டாவில் போட்டால் மதிப்பெண் அதைவிட வேகமாக ஏறும். ஹை ஸ்டாண்டர்ட், கோல்ட் உட்ஸ்மேன் போன்ற பழையவை அழகானவை, மேகசின்தான் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை அதிகம். மார்க் 4-க்கு முந்திய ரூகர்களைக் கழற்றினால் மறுபடி பூட்டுவதற்குப் பொறுமை வேண்டும். மார்க் 4-ல் பின்புறப் பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் அப்படியே மடிந்து கையோடு வந்துவிடும். 2017 ஜூனுக்கு முன் தயாரான மார்க் 4 பிஸ்டல்களை ரூகர் நிறுவனம் சேஃப்டி பூட்டின் ஒரு குறைக்காகத் திரும்ப அழைத்தது. செகண்ட் ஹேண்டில் ஒன்று கிடைத்தால் வரிசை எண்ணை நிறுவனத்திடம் கொடுத்து, சரி செய்யப்பட்டதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் குழந்தைகள் உள்ளவர்களுக்கு இன்னொன்று. .22 குண்டு ஈயம், விளிம்பில் உள்ள மருந்திலும் ஈயச் சேர்மம் உண்டு. உள்ளரங்க ரேஞ்சில் அந்தத் தூசி கையிலும் சட்டையிலும் படியும். சுட்டு முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு முகம் கைகளைக் கழுவாமல் காபிகூடக் குடிக்காதீர்கள். நான் ரேஞ்சுக்கென்று ஒரு மேல்சட்டையும் செருப்பும் காரிலேயே வைத்திருக்கிறேன், அவை வீட்டுக்குள் வருவதில்லை. பிஸ்டல் பூட்டிய இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு பூட்டில். இந்தப் பெட்டியின் விலையையும் கண்ணாடி, காதுமூடி விலையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போக வேண்டாம். சட்டப்படி உங்களுக்குத் தடை இல்லை என்றால் பக்கத்தில் புல்ஸ்ஐ லீக் நடக்கும் கிளப்பைக் கண்டுபிடித்து, ஒரு சாயங்காலம் போய்ப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். 'சீஸ் ஃபயர்' என்ற குரல் கேட்டதும் எல்லோரும் எப்படிக் கையை எடுத்து, மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று காட்டும் சின்னக் கொடியை அதில் செருகிவிட்டுப் பின்னால் நகர்கிறார்கள் என்று கவனியுங்கள். போட்டி முடிந்ததும் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று சொன்னால் தங்கள் பிஸ்டலைத் தந்து சுடச் சொல்வார்கள். நான் பார்த்த எந்த கிளப்பிலும் இதற்கு முகம் சுளித்தவர்கள் இல்லை. மார்க் 4, பக் மார்க், விக்டரி மூன்றையும் ஒரே இரவில் சுட்டுப் பார்க்கிற வாய்ப்பு அங்கே கிடைக்கும். எந்த பிஸ்டலில் முன் சைட் தானாக வந்து உட்கார்ந்தது, எந்த டிரிகர் சுத்தமாக விட்டது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.